கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் ஊரின் குளிர்ந்த கடலில் நாற்பது வயதில் சர்ஃபிங் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். சான் ஹோசேயில் வசிப்பதாகவும், நன்றாக நீந்தத் தெரியும் என்றும், நாற்பது வயதைத் தொட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எதுவும் தடையல்ல. தண்ணீரின் குளிரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடலில் பல ஆண்டுகளாக அலையேறும் பலகையோடு இறங்கிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: குளிரின் பெரும்பகுதியை நல்ல உடை பார்த்துக்கொள்ளும். எந்த மாதத்தில் இறங்குவது, கடல் எந்த அளவில் இருக்கும்போது இறங்குவது, எப்போது கரையேறுவது என்ற மூன்றையும் உடை பார்த்துக்கொள்ளாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

முதலில் மாதக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் அடிக்கத் தொடங்கியதும் கடலும் சூடேறியிருக்கும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். இந்தக் கரையோரத்தில் ஆண்டிலேயே தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது வசந்த காலத்தில்தான். அந்த மாதங்களில் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி விடாமல் வீசுகிறது. பூமியின் சுழற்சி காரணமாக மேற்பரப்பு நீர் காற்று போகும் திசைக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு வெளிப்பக்கமாக விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அப்போது வெப்பநிலை 11, 12 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் காற்று தணிந்து, மூடுபனியும் விலகிய பிறகு 15, 16 டிகிரி வரை ஏறும். சென்னைக் கடல் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது என்பதால், நமக்கு இந்த இரண்டுமே ஐஸ் தண்ணீராகத்தான் தோன்றும். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அந்த நான்கு டிகிரி வித்தியாசம், முக்கால் மணி நேரத்தில் விரல் மரத்துக் கரையேறுவதற்கும் ஒன்றரை மணி நேரம் நிதானமாகப் பயிற்சி செய்வதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே செப்டம்பரில் தொடங்குங்கள். இதே ஆழ்கடல் நீர்தான் தன்னோடு சத்துகளைக் கொண்டுவந்து, இந்த ஊர் இருக்கும் மான்டரே வளைகுடாவை இவ்வளவு செழிப்பாக வைத்திருக்கிறது என்பதால், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது உடை. வெட்சூட் என்ற இறுக்கமான ரப்பர் உடை உடம்பை நனையாமல் காப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே தண்ணீர் கொஞ்சம் புகத்தான் செய்யும். அந்த மெல்லிய நீர்ப்படலத்தை உடற்சூடு வெதுவெதுப்பாக்கிவிடுகிறது. நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள் அந்தச் சூடு வெளியேறாமல் தடுக்கின்றன. உடம்பு நனைந்திருந்தாலும் பரவாயில்லை, சூடு வெளியேறாமல் இருந்தால் போதும் என்ற இந்தச் சிந்தனையை 1950களின் தொடக்கத்தில் முன்வைத்து, நியோபிரீனில் உடை செய்து பார்த்தவர் பெர்க்லி பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். அவர் மனத்தில் இருந்தவர்கள் கடற்படையின் முக்குளிப்பவர்கள். சர்ஃபர்களிடம் அதைக் கொண்டு சேர்த்த பெயர்களில் முதன்மையானது ஜாக் ஓநீல். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச் அருகே 1952இல் சிறு கடை தொடங்கிய அவர், 1959இல் சான்டா குரூஸுக்கு வந்து, நான் கீழே பரிந்துரைக்கப்போகும் கவல்ஸ் கடற்கரையோரத்திலேயே கடை வைத்தார். அதற்கு முன்பு இங்கே இறங்கியவர்கள் கம்பளிச் சட்டையோடு இறங்கி, சிறிது நேரம் அலையேறிவிட்டு, கரையில் மூட்டிய தீயின் அருகே ஓடிவந்து நின்றவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நம் பாடு சொகுசுதான்.

வாடகைக் கடையில் 4/3 என்று குறித்த வெட்சூட்டைக் கேளுங்கள். நெஞ்சும் முதுகும் மறையும் இடத்தில் 4 மில்லிமீட்டர், கை கால்களில் 3 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். காலுக்கு பூட்டீஸ் என்ற ரப்பர் காலுறை கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் வந்தே தீருவேன் என்றால் தலைக்கு ஹூடும் வேண்டும். அளவில் மட்டும் தாராளம் காட்ட வேண்டாம். அக்குளிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் மடிப்பு விழுந்தால், ஒவ்வொரு அலைக்கும் அந்த மடிப்புக்குள் புதிய குளிர்நீர் புகுந்து, உடம்பு அதுவரை சூடாக்கி வைத்திருந்ததை அடித்துச் சென்றுவிடும். கரையில் நிற்கும்போது மூச்சு லேசாக முட்டுவதுபோல் இருப்பதுதான் சரியான அளவு. போடும்போது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிறகு கணுக்காலிலிருந்து தொடங்கி, துணியை நகத்தால் கிள்ளாமல் விரல் நுனிகளால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கவட்டில் இடைவெளி விட்டுவிட்டால் தோள் ஏறாது. கார் நிறுத்துமிடத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடியபடி இதைச் செய்ய நேரும்போது வெட்கமாக இருக்கும். சுற்றியிருக்கும் எல்லோரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

இடம் என்று கேட்டால், தயங்காமல் கவல்ஸ். ஊரின் நடுவே, மரத் துறைமேடைக்கு மேற்கே இருக்கும் இந்தச் சிறு கடற்கரை தெற்கு நோக்கியது. மேற்கே கலங்கரை விளக்க முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் பெரிய அலைத்தொடர்கள் அந்த முனையைச் சுற்றி வளைந்து வரும்போதே வேகத்தையும் உயரத்தையும் இழந்துவிடுகின்றன. முனையில் ஸ்டீமர் லேன் என்ற இடத்தில் ஆளை விழுங்கும் உயரத்தில் எழும் அதே அலை, கவல்ஸை எட்டும்போது இடுப்பளவாகி, சரிவு குறைந்த மணற்தரையில் மெதுவாக உடைந்து, நீண்ட தூரம் உங்களைச் சுமந்துவரும். எழுந்து நிற்கத் தடுமாறுபவருக்கு அலை காத்திருப்பதுபோல் அவகாசம் கிடைக்கும் இடங்கள் இந்தக் கரையில் அதிகம் இல்லை. ஸ்டீமர் லேனைப் பாறை மேட்டின் மீதிருந்து பார்த்து ரசியுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே இறங்க நினைக்க வேண்டாம்.

கவல்ஸுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கடல் உள்வாங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வர வேண்டும். நீர்மட்டம் ஏறிய வேளையில் அலை உடையாமலேயே உருண்டு வந்து கரையில் மோதி ஓய்ந்துவிடும். நீங்கள் வாடகை கொடுத்த பலகையில் வெறுமனே மிதந்துகொண்டிருப்பீர்கள். ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீர்மட்டம் மிகத் தாழும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இறங்கினால் போதுமான அவகாசம் இருக்கும். இன்னொன்று, துறைமேடையின் தூண்களிலிருந்து நன்கு விலகியே இருங்கள். 1914இல் கட்டப்பட்ட அந்த மேடையின் கடைக்கோடிப் பகுதி 2024 டிசம்பரில் பேரலைகளின்போது இடிந்து கடலில் விழுந்தது என்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் அடுத்த மூன்று நாட்களுக்கு வர வேண்டாம். ஊரின் வடிகால் நீரும் ஆற்று நீரும் இங்கேதான் வந்து சேர்கின்றன. மேடைக்கு அடியில் தங்கும் பறவைகளின் எச்சத்தாலும் இந்தக் கடற்கரை சில ஆண்டுகள் மாநிலத்தின் மாசடைந்த கடற்கரைகள் பட்டியலில் முன்னால் நின்றது. பறவைகள் அடையாதபடி வலை கட்டிய பிறகு நிலைமை தேறியிருக்கிறது.

இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்: தண்ணீருக்குள் என்ன ஆகும்? குளிர்நீர் சட்டென்று தோலில் படும்போது மூச்சு தன்னிச்சையாக இழுத்துக்கொள்ளும். பிறகு சிறிது நேரம் வேகவேகமாக வாங்கும். இதை மன உறுதியால் தடுக்க முடியாது. ஆனால் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ஆகவே ஓடிப்போய் விழாமல், இடுப்பளவு நீரில் நின்று, கழுத்தின் வழியாகக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, முகத்தையும் நனைத்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்துவிட்டுப் பலகையில் படுங்கள். முதுகுத்தண்டு வழியாக அந்த நீர் இறங்கும் கணம் இனிமையானது என்று பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு துடுப்புபோலக் கைகளை வீசி முன்னேறத் தொடங்கினால் உடம்பு சூடேறிவிடும், வியர்க்கக்கூடச் செய்யும்.

ஆபத்து வருவது பின்னால், சத்தமில்லாமல். வெட்சூட் நெஞ்சைச் சூடாக வைத்திருப்பதால் குளிர்வதை உணராமலேயே இருப்பீர்கள். ஆனால் கைகளில் நரம்பும் தசையும் மெல்லக் குளிர்ந்து, பிடி தளரும். பலகையின் விளிம்பைப் பிடித்து எழ முயலும்போது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. விழும் எண்ணிக்கை கூடும். திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் சில அலைகளுக்கு முயல்வீர்கள். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அலைக்குக் காத்திருக்கும் இடைவெளியில் கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால், எவ்வளவு நல்ல அலை வந்துகொண்டிருந்தாலும் கரையேறிவிட வேண்டும். நடுக்கம் தொடங்கியிருந்தாலும் அப்படியே. கரையேறியதும் ஈரத்தைக் களைந்து, உலர்ந்த உடையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, இனிப்பாக ஏதாவது குடியுங்கள். பெரிய கேன் ஒன்றில் வெந்நீர் கொண்டுவந்து வெட்சூட்டைக் கழற்றும்போது மேலே ஊற்றிக்கொள்வது இங்கே பலருக்கும் பழக்கம். அந்த ஒரு கேனுக்காகவே அலையேற வருகிறோமோ என்று சில நாட்கள் எனக்குச் சந்தேகம் வரும். கார் கதவைச் சாவியால் திறக்கும் நிலையில் விரல்கள் இருக்காது என்பதால், எண் பூட்டுள்ள சிறு பெட்டியில் சாவியை வைத்துப் போவது நல்லது.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆண்டுகள் தொடர்ந்து குளிர்நீரும் குளிர்காற்றும் படும்போது காதுத் துளைக்குள் எலும்பு மெல்ல வளர்ந்து வழியை அடைக்கத் தொடங்கும். முற்றினால் அறுவை சிகிச்சை செய்ய நேரும். இங்கே வயதான சர்ஃபர்களிடம் பேசினால் பாதிப் பேர் கையைக் காதருகே குவித்துக் கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே காதடைப்பான் போட்டுப் பழகிவிடுங்கள்.

சுறா பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்பார்கள். வெள்ளைச் சுறா இந்த வளைகுடாவில் உண்டு. குட்டிகள் கிழக்கே ஆப்டாஸ் பக்கம் கூடுகின்றன. 2020 மே மாதத்தில் மன்ரேசா கடற்கரைக்கு அருகே ஒரு சர்ஃபர் சுறாத் தாக்குதலில் இறந்தார். இதை மறைப்பதில் பயனில்லை. அத்தகைய மரணம் மிக அரிது என்பதும், குளிர்ந்த கையோடு நீருக்குள் தங்கிவிடுவது அதைவிட எளிதில் நேரக்கூடியது என்பதும் உண்மை. 2023 கோடையில் இங்கே சர்ஃபர்களை உண்மையில் விரட்டியது 841 என்று எண்ணிடப்பட்ட ஒரு கடல் நீர்நாய். அது பலகைகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, விளிம்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. பிடிக்க முயன்ற அதிகாரிகள் கையில் கடைசிவரை சிக்கவில்லை. நீர்நாய் நெருங்கினால் சண்டைக்கு நிற்காமல் விலகிப்போவதுதான் சட்டத்துக்கும் பலகைக்கும் நல்லது.

வயதுக்கு வருவோம். கவல்ஸில் வார நாள் காலையில் போய்ப் பாருங்கள். நீளப் பலகையில் நிற்பவர்களில் நரைத்த தலைகள் நிறைய தெரியும். இந்த ஊரில் இந்த விளையாட்டுக்கே அவ்வளவு வயதாகிறது. 1885இல் சான் மட்டேயோவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஹவாய் இளவரசர்கள் மூவர், செம்மரத்தில் பலகை அறுத்து வாங்கி, கவல்ஸுக்குக் கிழக்கே இருக்கும் சான் லோரென்சோ ஆற்று முகத்துவாரத்தில் அலையேறினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் சர்ஃபிங் நடந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான். அவர்களிடம் வெட்சூட் இல்லை.

நாற்பதில் தடையாக இருப்பது தோளும் கீழ்முதுகும்தான். வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் சில நாட்கள் நீந்தி, தரையில் குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்பதைப் பழகிவையுங்கள். முதல் முறை பயிற்றுநர் ஒருவரோடு போவதே நல்லது. எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள, நுரைப்பொருளால் ஆன மென்பலகையை வாங்கிக்கொள்ளுங்கள்; குட்டைப் பலகை அழகாகத் தெரியும், ஆனால் உங்களைத் தாங்காது. உடைந்து நுரையாக வரும் அலைகளிலேயே முதல் சில வாரங்கள் கழியட்டும். அலை எங்கே உடையத் தொடங்குகிறதோ அதற்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை என்ற ஒரு விதியை மட்டும் முதல் நாளே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற விதிகளைப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்காமலேயே சொல்லித் தருவார்கள், சிலர் கொஞ்சம் உரக்கவே.