வாசகர் கேள்வி–பதில்: மெரினோ கம்பளியைப் பேணுவது எப்படி?

கேள்வி: மெரினோ ஸ்வெட்டர் ஒன்றை மறந்துபோய் மற்றத் துணிகளோடு வெந்நீரில் போட்டு இயந்திரத்தில் துவைத்துவிட்டேன். பாதியாகச் சுருங்கி, அட்டைபோலத் தடித்துவிட்டது. இதை மீட்க வழி உண்டா?

பதில்: மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் மென்மையான கம்பளியால் ஆன உங்கள் ஸ்வெட்டரின் இழைகள் சுருங்கவில்லை, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுள்ளன. கம்பளி இழை நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப் போல அடுக்கடுக்காகக் கவிந்த நுண்ணிய செதில்கள், வேர்ப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வெந்நீரில் இழை உப்பி நெகிழ்ந்திருக்கும் வேளையில் இயந்திரம் புரட்டியெடுத்தால், செதில்களின் சாய்வு காரணமாக ஒவ்வோர் இழையும் வேர்ப்பக்கமாக எளிதில் நகர்கிறதே தவிர, வந்த வழியே திரும்புவதில்லை. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகும்போது துணி சிறுத்துத் தடிக்கிறது. தொப்பி செய்யப் பயன்படும் ஃபெல்ட் துணியை வேண்டுமென்றே இம்முறையில்தான் உருவாக்குகிறார்கள்.

முற்றிலும் இறுகிய துணியை மீட்க இயலாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சற்றே சிறுத்த ஆடையானால், தலைமுடிக்கு இடும் கண்டிஷனர் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு எல்லாப் பக்கமும் மெல்ல இழுத்து, விரித்துப் போட்டு உலர்த்திப் பாருங்கள். ஓரளவு பலன் கிட்டலாம்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும்? எந்தச் சோப்பு ஏற்றது?

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத் துவையுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. அணிவதால் தேயும் மெரினோவைவிட, தவறாகத் துவைப்பதால் கெடும் மெரினோவே அதிகம் என்பது என் கணிப்பு. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. வியர்வையின் ஈரம் மேற்பரப்பில் தங்காமல் உள்ளே போய்விடுவதும், வாடையைத் தரும் பொருள்களை இழை பற்றிக்கொள்வதும், அதில் துர்நாற்றம் எளிதில் எழாததற்குக் காரணங்கள். ஆகவே ஒருநாள் அணிந்தபின் காற்றோட்டமான நிழலில் விரித்துவைத்து, அடுத்த நாள் ஓய்வு கொடுத்தால், பலமுறை அணிந்த பிறகே சலவை தேவைப்படும். அந்த ஓய்வு நாளில் முழங்கை, முழங்கால் பகுதிகளில் ஏற்பட்ட தொய்வும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். உடலோடு ஒட்டி அணியும் உள்ளாடைகளும் காலுறைகளும் இதற்கு விலக்கு.

சோப்பைப் பொறுத்தவரை, புரதக் கறையை அகற்றும் நொதிகள் கலந்த சாதாரணச் சலவைத் தூளைத் தவிர்க்க வேண்டும். முட்டைக் கறையின் புரதம் எது, துணியின் புரதம் எது என்ற பாகுபாடு அந்த நொதிக்குத் தெரியாது. காரத்தன்மை மிகுந்த சோப்பும் கூடாது. குளோரின் கலந்த வெளுப்பானோ கம்பளியைக் கரைத்தே விடும். கம்பளிக்கென்று விற்கப்படும் நடுநிலைத் திரவச் சோப்பே உத்தமம். 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் மெதுவாக அழுத்தி அழுத்தி அழுக்கை நீக்கி, அதே வெப்பநிலையுள்ள நீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழிவது பெருந்தவறு, ஏனெனில் ஈரமான கம்பளி வலிமை குன்றியிருக்கும். ஒரு துவாலையின்மீது பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். பிறகு கொடியில் தொங்கவிடாமல், வடிவத்தைச் சீராக்கி, நிழலில் கிடைமட்டமாக விரித்து உலர்த்துங்கள். தொங்கவிட்டால் நீரின் பாரமே ஆடையை நீட்டிவிடும்.

கேள்வி: இயந்திரத்தில் துவைக்கலாம் என்று என் ஆடையின் குறிப்புச் சீட்டு சொல்கிறது. அப்படியானால் அது உண்மையான மெரினோ இல்லையா?

பதில்: உண்மையானதாகவே இருக்கக்கூடும். செதில்களின் கூர்மையைக் குளோரினால் மழுக்கி, இழையின்மேல் மெல்லிய பிசின் பூச்சு ஏற்றும் ‘சூப்பர்வாஷ்’ முறையில் பக்குவப்படுத்திய கம்பளி எளிதில் சிக்குவதில்லை. ஆயினும் கம்பளிக்குரிய மென்சுழற்சியையும் வலைப்பையையும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வாங்கிய ஒரு மாதத்திலேயே அக்குளிலும் இடுப்பருகிலும் சிறு சிறு நூலுருண்டைகள் தோன்றிவிட்டன. தரம் குறைந்த துணியை வாங்கி ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமன் என்றால், மெரினோ இழை பெரும்பாலும் 15 முதல் 24 மைக்ரான்தான். உடலுக்கு உறுத்தாத அந்த மென்மைக்கு நாம் கொடுக்கும் விலையே இந்த உருண்டைகள். தளர்ந்த குறு இழைகள் உரசும் இடங்களில் திரண்டு உருள்கின்றன. அவை உதிர்ந்து தீர்ந்ததும் தொல்லை குறையும். விரலால் பிய்த்தால் நல்ல இழையும் கூடவே வந்துவிடும். ஆடையைச் சமதளத்தில் பரப்பி, இதற்கென்றே உள்ள சீப்பால் ஒரே திசையில் மெல்ல வாருங்கள்.

கேள்வி: சில மாதங்கள் மடித்துவைத்திருந்த ஆடையில் சிறு ஓட்டைகள் விழுந்துள்ளன. பூச்சியா?

பதில்: பெரும்பாலும் அந்துப்பூச்சியின் வேலைதான். பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுவே கெரட்டினைத் தின்கிறது. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடங்கள் அதற்கு மிகவும் பிடித்தவை என்பதால், நெடுநாள் எடுத்துவைக்கும் முன் மட்டும், அழுக்குத் தெரியாவிட்டாலும், கட்டாயம் துவைத்து நன்கு உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் நாஃப்தலீன் ஆவி உடலுக்குத் தீங்கானது, குறிப்பாகக் கைக்குழந்தைகள் உள்ள வீட்டில். இப்போது பாதிக்கப்பட்ட ஆடையைக் காற்றுப்புகாத பையிலிட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்தபின், குளிர் முழுவதும் தணியும்வரை பையைத் திறக்காதீர்கள். இல்லையேல் ஆடையின்மீது நீர் கோத்துக்கொள்ளும். ஓட்டைகளை ஒத்த நிறக் கம்பளி நூலால் தைத்து முடித்த பிறகே துவையுங்கள், ஏனெனில் அறுந்த கண்ணி நீரில் அசைந்தால் பக்கத்துக் கண்ணிகளும் அவிழத் தொடங்கும்.