லைவ் கச்சேரி: சத்தத்துக்கு யார் காசு கொடுப்பது? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி (சாம்பல்தீவு): கோயில் திருவிழா இசைக்குழு நிகழ்ச்சியை வெளிநாட்டு உறவுகளுக்காக லைவும் போட்டோம். மூன்று கமரா, ஒரு ட்ரோன். வீதியில் நின்றவர்களுக்கு அருமை. லைவில் பார்த்தவர்களோ தவில், ட்ரம்ஸ் கேட்கவில்லை, பாடகரின் குரல் மட்டும் அலறியது என்கிறார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். பேசிய வேலையை அவர் செய்துவிட்டார். தவில் தானாகவே முழங்கும். அதனால் ஸ்பீக்கரில் அதைக் குறைத்து, குரலைக் கூட்டி வைப்பார். முன்னால் நிற்பவருக்கு அந்த மிக்ஸ் (சத்தங்களின் கலவை) சரி. அதையே வயரில் இழுத்து லைவுக்குக் கொடுத்தால் தவில் காணாமல்தான் போகும்.

லைவுக்குத் தனி மிக்ஸ் வேண்டும். மிக்சரின் ஆக்ஸ் வழியில் (ஸ்பீக்கருக்குப் போகாத தனிக் கலவையை வெளியே எடுக்கும் வழி) எடுக்கலாம். தவிலின் வலந்தலைக்கு (வலப் பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (இடப் பக்கம்) ஒன்று என மைக் வையுங்கள். ஸ்பீக்கருக்குத் தேவைப்படாவிட்டாலும் லைவுக்குத் தேவை. மேடையின் இரு ஓரத்திலும் சனத்தைப் பார்த்தபடி இரண்டு மைக் வைத்து, அவற்றை லைவுக்கு மட்டும் கொடுங்கள். ஸ்பீக்கருக்குப் போனால் ஊளையிடும். கைதட்டல் கேட்காத கச்சேரி, தூரத்தில் இருப்பவருக்கு வெறும் ஒத்திகை.

மிக்சரின் லைன் அவுட்டை (மைக்கைவிடப் பலமான சத்தம் வெளிவரும் துளை) கமராவின் மைக் துளையில் நேரே சொருகினால் சத்தம் கிழியும். கமராவில் லைன் என்று மாற்றுங்கள், அந்த வசதி இல்லையென்றால் இடையில் ஆடியோ இன்டர்பேஸ் (சத்தத்தைக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள். தொடங்குமுன் கமரா முன் ஒருவர் கைதட்டட்டும். சத்தம் படத்துக்கு முந்தினால் ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருளில் அதை மில்லிசெக்கன்ட் கணக்கில் பிந்த வைக்கலாம். இதையெல்லாம் ஸ்பீக்கர் சத்தம் எட்டாத அறையில் ஹெட்போனுடன் இருந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ட்ரோனுக்குக் காசு இருக்கிறது, அந்த ஓர் ஆளுக்கு இல்லை என்பது எனக்குப் பொறுக்காத விடயம். படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுக்கும். சத்தம் கெட்டால் மூடிவிட்டுப் போய்விடும்.

கேள்வி (நிலாவெளி): மூன்று மணி நேர லைவுக்கு எவ்வளவு டேட்டா?

பதில்: 720பி தரத்தில், 4 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.8 ஜிபி, மொத்தம் 5.4 ஜிபி. அப்லோட் வேகம் அந்த 4 எம்பிபிஎஸ்ஸைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும். பகலில் வெறும் மைதானத்தில் பார்த்த வேகத்தை நம்பாதீர்கள். சனம் கூடினால் எல்லாப் போனும் ஒரே கோபுரத்தில்தான் தொங்கும். பைபர் இணைப்பு உள்ள பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்க முடிந்தால் அதுவே மேல். ரூட்டருக்கு யுபிஎஸ் மறக்க வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி): 4கே கேப்சர் கார்ட் (கமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவி) என்று ஒன்லைனில் மலிவாக வாங்கினேன். 1080பிக்கு மேல் வரவில்லை. பில் இல்லை.

பதில்: பில் கேட்காமல் ஏன் வாங்கினீர்கள்? அந்த 4கே உள்ளே வாங்கும் படத்துக்கு. கணினிக்குப் போவது 1080பிதான். விபரத்தில் அவுட்புட் என்ற வரியை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். அதே ரகம் ஒன்று என் மேசையிலும் கிடக்கிறது. சத்தத்தை மோனோவாகத்தான் (இடம், வலம் பிரியாமல்) தருகிறது. ஆடியோவுக்கு அதை நம்பாதீர்கள்.

கேள்வி (மூதூர்): ரொறன்ரோவிலிருக்கும் தங்கச்சி சூம் வழியாக மேடைப் பாடகரோடு சேர்ந்து பாடலாமா?

பதில்: முடியாது. போய்வரும் தாமதத்தில் தாளம் பிரியும். தங்கச்சி தனியாகப் பாடட்டும். அவவின் குரலைத் திரும்ப அவவுக்கே அனுப்பாதபடி மிக்சரில் அடைத்துவிடுங்கள், இல்லையெனில் எதிரொலிக்கும்.

கேள்வி (பாலையூற்று): பேஸ்புக் கொமென்டில் ‘லைவ் இங்கே’ என்ற லிங்கில் அட்டை இலக்கம் கொடுத்தேன். காசு போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது.

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியது திருடினவன். அட்டையின் பின்புறம் உள்ள வங்கி இலக்கத்துக்கு இப்போதே அழையுங்கள். அட்டையை முடக்கச் சொல்லி, அந்தக் கொடுப்பனவை மறுத்து எழுத்தில் கொடுங்கள். லிங்க், நேரம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கும் அவை வேண்டும்.

கேள்வி (திருகோணமலை நகர்): டிக்கெட் வாங்கிப் பார்த்த லைவ் பாதியில் நின்றது. உள்ளூர் ஏற்பாட்டாளர் பதில் சொல்லவில்லை.

பதில்: காசு வாங்கிய சேவை அது. முதலில் அவருக்கு எழுத்தில் கேளுங்கள்: காசா, முழு ஒளிப்பதிவா? மசியாவிட்டால் பற்றுச்சீட்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். வழி கேட்க அந்தச் சபையின் தொலைபேசி இலக்கம் 1977.