பெங்களூரில் வளரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

மகன் மூன்றாம் வகுப்பு, ஆங்கிலம் கடகடவென்று படிக்கிறான், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வருகிறது, ஐந்தாம் வகுப்பு வரை என்னென்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் அதே வகுப்புதான். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், ஹிந்தி. தமிழ் வீட்டில் மட்டும்.

அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்த்துத் தமிழ்ப் புத்தகம் வாங்காதீர்கள். இந்த ஊரில் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எட்டு வயது, கன்னடத்தில் ஆறு, தமிழில் நாலு. நாலு வயதுக்கு உண்டான சின்ன வரிகள் வேண்டும், ஆனால் கதை எட்டு வயதுப் பையனைச் சிரிக்க வைக்க வேண்டும். "இது பாப்பா புத்தகம்மா" என்று ஒரு தடவை தள்ளிவிட்டால் அப்புறம் திறக்கவே மாட்டார்கள்.

ஆங்கிலத்துக்கு நீங்கள் அதிகம் அலைய வேண்டாம். அர்னால்ட் லோபெல்லின் தவளை, தேரைக் கதைகள் ('ஃபிராக் அண்ட் டோட்') 1970இலிருந்து வருகின்றன, இன்னும் அலுக்கவில்லை. டக்பில் பதிப்பகம் வெளியிடும் 'ஹோல் புக்ஸ்' வரிசையில் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் சேட்டைகள் வரும். பெயருக்கு ஏற்றாற்போல் ஒவ்வொரு புத்தகத்திலும் நிஜமாகவே ஒரு ஓட்டை இருக்கும், என் மகள் அதில் விரலை விட்டுக்கொண்டுதான் படிப்பாள். சுதா மூர்த்தி தன் பாட்டிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த கதையை அவசியம் கொடுங்கள். 'கர்மவீரா' என்ற கன்னடப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் படித்துச் சொல்லப் பேத்தி ஊரில் இல்லாமல் போனதும் பாட்டி தவித்துப்போகிறார். கன்னடமும் படிக்கிற பிள்ளைக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு ரஸ்கின் பாண்ட், ரோல்ட் டால் எழுதிய கதைகள். ஆங்கிலம் இவ்வளவு போதும்.

தமிழில்தான் சிக்கல். கன்னடம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து விநோதமாகப் படுகிறது. அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. இங்கே ஒரே 'ப'. 'பாம்பு' என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு என் மகள் கேட்டாள்: "அம்மா, இது பல்லுல வர்ற ப-வா, பஸ்ஸுல வர்ற ப-வா?" முதல் எழுத்து பல், கடைசி எழுத்து பஸ் என்றேன். "ரெண்டுக்கும் ஒரே எழுத்தா? சீட்டிங்!" என்றாள். கேட்டால் நியாயம்தான். இதற்கு இலக்கணம் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஏற்கெனவே காதில் விழுந்த வார்த்தைகளாக இருந்தால் வாய் தானாகச் சரியாக உச்சரித்துவிடும்.

அதனால் முதலில் பாட்டுப் புத்தகம். அழ. வள்ளியப்பா எழுதிய எதுவும் சரி. தட்டு நிறைய லட்டு வைத்திருந்து கிட்டு எடுத்துக்கொள்ளும் அந்தப் பாட்டு நினைவிருக்கிறதா? அடிக்கு அடி 'ட்டு' வந்து முடியும். மூன்றாவது அடியில் பிள்ளை எழுத்துக் கூட்டுவதை நிறுத்திவிட்டு வார்த்தையாகவே பார்க்க ஆரம்பித்துவிடும். பாடப் புத்தகம் ஒரு வருஷத்தில் செய்யாததை அந்தச் சின்னப் பாட்டு செய்யும்.

அடுத்தது படக்கதைகள். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி' எங்கள் வீட்டில் கிழிந்து ஒட்டுப்போட்ட நிலையில் இருக்கிறது. யானைக்கு ஜலதோஷம் பிடிக்கிறது, அவ்வளவுதான் கதை. யானை தும்முகிற இடத்தை வீடு அதிரப் படிக்கலாம். தூலிகாவில் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் உள்ள புத்தகங்களும் உண்டு. அழகானவைதான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டேன். கண் நேராக ஆங்கில வரிக்குப் போய்விடும். வாங்கியாகிவிட்டது என்றால் ஆங்கில வரிமேல் ஒட்டுச்சீட்டை ஒட்டிவிடுங்கள்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் நம் பெங்களூர்ப் பதிப்பகம், 2004இல் தொடங்கியது, லாப நோக்கம் இல்லாதது. 2015இல் அவர்கள் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை 250 வார்த்தைகளுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்கு மேல் நான்காவது. உங்கள் மகனுக்கு இப்போது முதல் நிலை, கூச்சப்படாதீர்கள். ஒரே கதை கன்னடத்திலும் தமிழிலும் பல சமயம் கிடைக்கும். கன்னடத்தில் முதலில் படிக்கவிட்டு, மறுநாள் தமிழில் கொடுங்கள். கதை தெரிந்திருப்பதால் பாதி வார்த்தைகளை ஊகித்தே படித்துவிடுவான். அது ஏமாற்று இல்லை, படிப்பதே அப்படித்தான். ரோஹிணி நிலேகணி எழுதிய, வருஷத்துக்கு ஒரே முறை முடிவெட்டிக்கொள்ளும் சிருங்கேரி ஸ்ரீநிவாஸ் கதையில் ஆரம்பிக்கலாம். திரையில் வேண்டாம், அச்செடுத்துக் கொடுங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்திலும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. கைக்கு அடக்கமாக இருப்பதால் பிள்ளைகள் பயப்படுவதில்லை.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது இரண்டு விஷயம் பாருங்கள். "சென்றான், கூறினாள், வினவினான்" என்று பக்கம் முழுக்க இருந்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் "போனான், சொன்னா" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னொரு புது மொழி மாதிரி. இன்னொன்று, 'ஓடிக்கொண்டிருந்தபோது' மாதிரி நீள வார்த்தையை வரி முடிவில் உடைத்து மிச்சத்தைக் கீழே தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாது, பிள்ளை அங்கேதான் நின்றுவிடும். இந்த இரண்டு தொல்லைக்கும் காமிக்ஸ் நல்ல மருந்து. லயன் காமிக்ஸில் கௌபாய் லக்கி லூக் தமிழில் பேசுகிறார், வரிகளும் குட்டி. துப்பாக்கி இருக்கிறதே என்று என் மாமியார் முகம் சுளித்தார், இப்போது அவரே படித்துக் காட்டுகிறார்.

நாலாம் வகுப்பு முடியும்போது அத்தியாயம் பிரித்த கதைக்குப் போகலாம். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. தவறான தொடுதல் பற்றிய விஷயம் உள்ளே இருப்பதால் தனியாகக் கொடுக்காமல் கூட உட்கார்ந்து படியுங்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023இல் அதே விருது) கீழடியைச் சுற்றிய கதை, ஐந்தாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.

கதை முடிந்ததும் கீழே கட்டம் போட்டு நீதி அச்சடித்திருக்கும் கதைப் புத்தகப் பெட்டிகள் பிறந்தநாளுக்குப் பரிசாக வந்துகொண்டே இருக்கும். வாங்கிவைத்து அடுத்த பிறந்தநாளுக்கு அனுப்பிவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இங்கே தமிழ்ப் புத்தகம் பார்த்து எடுக்க அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. நிறைய வாங்குவதென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாள் அங்கே ஒதுக்கலாம். போனால் பட்டியலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எடுப்பதைப் பையன் எடுக்கட்டும். டைனோசர்தான் எடுப்பான், பரவாயில்லை, அது தமிழ் டைனோசராக இருந்தால் சரி.