மெல்லிய கம்பியா, தடித்த கம்பியா? பிளாஸ்மா சோதனைக்கான காந்தச் சுருளைச் சுற்றும் முன்

கேள்வி: சிறிய வெற்றிடக் கலத்தில் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் கட்டுப்படுத்திப் பார்க்கும் சோதனை ஒன்றைத் திட்டமிடுகிறேன். கலத்துக்கு வெளியே, 10 செ.மீ. சராசரி ஆரமுள்ள இரண்டு சுருள்களை 10 செ.மீ. இடைவெளியில் எதிரெதிராக வைக்கப் போகிறேன். நடுவில் 0.05 டெஸ்லா புலம் வேண்டும். ஒவ்வொரு சுருளுக்கும் 3 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம்தான் இடம். 60 வோல்ட், 30 ஆம்பியர் பவர் சப்ளை இருக்கிறது. 1 மி.மீ. எனாமல் கம்பியில் நிறையச் சுற்றுகள் போடுவதா, 2 மி.மீ. கம்பியில் குறைவாகப் போடுவதா? எதில் புலம் அதிகம்?

பதில்: இரண்டிலும் ஒன்றுதான். ஒரே இடத்தைத் தாமிரத்தால் நிரப்பி, ஒரே அளவு மின்திறனைச் செலவிட்டால், கம்பியின் தடிமனால் புலம் கூடாது, குறையவும் குறையாது. புலத்தைத் தருவது ஆம்பியர்-சுற்று, அதாவது மின்னோட்டத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை. கம்பியின் தடிமனை உங்கள் பவர் சப்ளை முடிவு செய்யும். சோதனை நடக்குமா நடக்காதா என்பதை வெப்பம் முடிவு செய்யும். அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கவே இல்லை.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். ஆரமும் இடைவெளியும் சமமாக இருப்பதால் இது ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைப்பு. நடுப்புலம் = 0.716 × μ₀ × ஆம்பியர்-சுற்று ÷ ஆரம் (μ₀ என்பது வெற்றிடத்தின் காந்த ஊடுருவு மாறிலி). 0.05 டெஸ்லாவுக்கு ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5,560 ஆம்பியர்-சுற்று தேவை. உங்களிடம் உள்ள இடம் 900 சதுர மி.மீ. உருண்டைக் கம்பிகளுக்கு இடையே இடுக்கு விழும், எனாமலும் இடம் பிடிக்கும். ஆகவே கையால் சுற்றும்போது அதில் 65 சதவீதம் தாமிரமாக அமைந்தாலே நல்ல வேலை. அப்படியானால் 585 சதுர மி.மீ. தாமிரத்தில் 5,560 ஆம்பியர், அதாவது சதுர மி.மீட்டருக்கு 9.5 ஆம்பியர். அதனால் ஒவ்வொரு சுருளிலும் குளிர்ந்த நிலையிலேயே சுமார் 570 வாட் வெப்பம் உண்டாகும். இது எந்தக் கம்பியில் சுற்றினாலும் மாறாத எண்.

இப்போது கம்பிக்கு வருவோம். 2 மி.மீ. கம்பியில் சுமார் 185 சுற்றுகள் அமையும். 30 ஆம்பியர் ஓட, ஒரு சுருளுக்கு 19 வோல்ட், தொடராக இணைத்த இரண்டுக்கும் 38 வோல்ட் வேண்டும். சூடேறினால் 50 வோல்ட் வரை போகும். உங்கள் 60 வோல்ட்டுக்குள் அடங்குகிறது. 1 மி.மீ. கம்பியில் 745 சுற்றுகள் வரும், ஏழரை ஆம்பியர் போதும். ஆனால் இரண்டு சுருள்களுக்குமாக 150 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். 60 வோல்ட்டில் நீங்கள் 0.02 டெஸ்லாவோடு நின்றுவிடுவீர்கள். ஆகவே 2 மி.மீ. கம்பியையே எடுங்கள். அது உங்கள் சப்ளைக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான் காரணம்.

பெரிய உலைகளிலும் இதே கணக்குத்தான். பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் ஐடர் டோகமாக் என்னும் அணுச்சேர்க்கை உலையின் 18 வளையத் திசை மீக்கடத்திச் சுருள்கள் ஒவ்வொன்றிலும் 134 சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் 68,000 ஆம்பியர். சுற்றுகளைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைத்திருக்கலாமே என்றால், தூண்டல்திறன், அதாவது மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு, சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மின்தடையே இல்லாமல் கடத்தும் அந்த மீக்கடத்தும் தன்மை திடீரென இழக்கப்பட்டால் சேமித்த ஆற்றலைச் சில விநாடிகளில் வெளியே இறக்கியாக வேண்டும். சுற்றுகள் கூடக் கூட அப்போது எழும் மின்னழுத்தமும் கூடும், அதை மின்காப்பு தாங்குவது கடினம்.

வெப்பத்துக்கு வருகிறேன். உங்கள் சுருள் ஒன்றின் மொத்தப் புறப்பரப்பு சுமார் 750 சதுர செ.மீ. விசிறி இல்லாத காற்றில், சுற்றுப்புறத்தைவிட 100 டிகிரி சூடாக இருக்கும்போதுகூட அது 75 வாட் அளவுக்கே வெப்பத்தை வெளியேற்றும். நீங்கள் உள்ளே செலுத்துவதோ 570. எனவே விடாமல் ஓட்ட வேண்டுமென்றால் 9 ஆம்பியர், 0.015 டெஸ்லா அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். சுருளை வெற்றிடத்துக்குள்ளேயே வைக்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அங்கே காற்றும் கிடையாது, வெப்பம் கதிர்வீச்சாகவும் தாங்கிகள் வழியாகவும் மட்டுமே வெளியேறும். போதாததற்குக் கம்பியின் எனாமல் பூச்சு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் பிளாஸ்மாச் சோதனைக்குப் புலம் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரு சூத்திரம்: வெப்பம் வெளியேற நேரமில்லாதபோது, தாமிரம் விநாடிக்குச் சுமார் J² ÷ 200 டிகிரி சூடாகும். J என்பது சதுர மி.மீட்டருக்கு எத்தனை ஆம்பியர் என்ற எண். உங்கள் 9.5-க்கு விநாடிக்கு 0.45 டிகிரி. 10 விநாடி ஓட்டினால் ஐந்து டிகிரிகூட ஏறாது. பிறகு இரண்டு நிமிடம் ஆறவிட்டால் சராசரி வெப்பம் 50 வாட்டை ஒட்டியே இருக்கும். அதாவது, இப்போதுள்ள பொருள்களை வைத்தே 0.05 டெஸ்லா கிடைத்துவிடும், துடிப்பாக, அதாவது விட்டுவிட்டு ஓட்டச் சம்மதித்தால்.

தொடர்ந்து ஓட்டியே தீர வேண்டும் என்றால் சுருளின் குறுக்குவெட்டை இரட்டிப்பாக்குங்கள். அதே புலத்துக்கு வெப்பம் பாதியாகும். அதுவும் போதாவிட்டால் 6 மி.மீ. தாமிரக் குழாயில் நீரை ஓட்டுவதுதான் வழி. ஒரு கிலோவாட்டை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் 14 டிகிரி ஏற்றத்தோடு எடுத்துப் போய்விடும். ஆனால் குழாயில் 16 சுற்றுகள்தான் அமையும் என்றால் 350 ஆம்பியர் தேவை, உங்கள் பவர் சப்ளை உதவாது.

இரும்பு உள்ளகம் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 1971 டிசம்பரில் ஏவப்பட்ட சோவியத் மெட்டியோர் செயற்கைக்கோளில் பறந்த ஹால் உந்துவிசைப் பொறி வகைக்கு, அதாவது பிளாஸ்மாவைப் பின்னோக்கிப் பாய்ச்சி விண்கலத்தைத் தள்ளும் பொறிக்கு, அது உயிர். அங்கே புலம் தேவைப்படுவது ஒன்றிரண்டு செ.மீ. அகலமுள்ள வளைய இடைவெளியில் மட்டும். 1.5 செ.மீ. இடைவெளியில் 0.02 டெஸ்லாவுக்கு, இரும்பு வழி நன்றாக அமைந்தால் ஏறத்தாழ 240 ஆம்பியர்-சுற்று போதும். உங்களுக்கு வேண்டிய திறந்த வெளியில் இரும்பால் அந்த அளவு ஆதாயம் இல்லை.

சுற்றும் வேலையில் சுருள்கள் பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் ஒன்றே: தொடக்க முனை. முதல் அடுக்கிலிருந்து வெளியே வரும் அந்தக் கம்பி எல்லா அடுக்குகளின் பக்கவாட்டையும் உரசிக்கொண்டே மேலே ஏறுகிறது. சுருளின் முழு மின்னழுத்தமும் அங்கே ஒரு மெல்லிய எனாமல் படலத்தின் மேல்தான் நிற்கிறது. முனையின் மேல் கண்ணாடி இழை உறை போட்டு, பாபினின் (கம்பி சுற்றும் சட்டத்தின்) பக்கத் தட்டில் அதற்கென்று ஒரு பள்ளம் வெட்டி, அதில் படுக்க வையுங்கள். இரட்டைத் தட்டுச் சுருளாக, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வெளிநோக்கிச் சுற்றினால் இரு முனைகளுமே வெளிப்பக்கம் வந்துவிடும், இந்தத் தொல்லையே இல்லை. உலோகப் பாபினாக இருந்தால் ஓரிடத்தில் குறுக்கே அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே மூடிய ஒற்றைச் சுற்றாகி, புலம் எழுவதைத் தாமதப்படுத்தும். ஒவ்வொரு அடுக்குக்கும் எபாக்ஸி தடவிச் சுற்றினால் இடுக்குகளில் காற்று நிற்காது, உட்சூடு வெளியே வரும்.

முடித்ததும் மெகர் என்னும் மின்காப்புச் சோதனைக் கருவியை வைத்துப் பாபினுக்கும் கம்பிக்கும் இடையே சோதிப்பார்கள். தேவையான சோதனைதான், ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் எனாமல் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனதை மெகர் காட்டாது. இரண்டு சுருள்களின் தூண்டல்திறனையும் தனித்தனியாக, இரும்புப் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து அளந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றும் 9 மில்லிஹென்றியை ஒட்டி வர வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் அதற்குள் ஒரு சுற்று ஒட்டியிருக்கிறது. ஓடும்போது வெப்பமானி வேண்டாம், தாமிரமே வெப்பமானி: அதே மின்னோட்டத்துக்கு மின்னழுத்தம் 1 சதவீதம் ஏறினால் உள்ளே சராசரியாக இரண்டரை டிகிரி ஏறியிருக்கிறது.

இணைப்புத் திசையைத் திசைகாட்டியால் சரிபாருங்கள். ஒரு சுருளின் முனைகளை மாற்றி இணைத்தால் நடுவில் புலம் பூஜ்யமாகி, முனைப்புலம் எனப்படும் வேறொரு அமைப்பு கிடைக்கும். சில சோதனைகளுக்கு அதுதான் வேண்டும், உங்களுக்கு வேண்டாம். சரியாக இணைத்தால் சுருள்கள் ஒன்றையொன்று 22 நியூட்டன் விசையோடு இழுக்கும். இரண்டு கிலோ எடை தொங்குகிற மாதிரி. அதற்கேற்பத் தாங்கி போடுங்கள்.

கடைசியாக, அணைப்பது. இரண்டு சுருள்களிலுமாக 20 மில்லிஹென்றி, 30 ஆம்பியர். சேமித்த ஆற்றல் 9 ஜூல். சுவிட்சை ஒரு மில்லி விநாடியில் திறந்தால் 600 வோல்ட் எழும், அதைவிட வேகமாகத் திறந்தால் ஆயிரங்கள். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பவர் சப்ளைக்கு எதிர்த்திசையில், 30 ஆம்பியருக்கு மேல் தாங்கும் டையோடு ஒன்றை நேரடியாக, உருகி (ஃபியூஸ்) எதுவும் இடையில் இல்லாமல், முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன்பே பொருத்திவிடுங்கள். மின்னோட்டம் 16 மில்லி விநாடி அளவிலான கால மாறிலியில் (மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைய ஆகும் நேரம்) தானாக இறங்கும்.