எல்லாப் பாடத்திலும் மழை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒன்றாக அமர்த்திக் கற்பிக்கிறேன். பாடங்களைத் தனித்தனியாக நடத்தாமல் ஒரு கருப்பொருளைச் சுற்றி ஒருங்கிணைத்து நடத்த வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நடுவில் ‘நீர்’ என்று எழுதி, ஐந்து பாடங்களுக்கும் கோடு இழுத்து, மனவரைபடம் போட்டுக் காட்டினார்கள். நானும் அப்படியே திட்டமிட்டேன். தமிழில் நீர் பற்றிய பாடல், ஆங்கிலத்தில் நீர் தொடர்பான சொற்கள், கணக்கில் குடங்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்குகள், அறிவியலில் நீர்ச்சுழற்சி, சமூக அறிவியலில் ஆறுகள், கடைசியில் ஓவியம் என்று மூன்று வாரம் நடத்தினேன். குழந்தைகள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். சுவர் முழுவதும் நீலமாகிவிட்டது. ஆனால் முடிந்த பிறகு, இவர்கள் முன்பு தெரியாத எதைக் கற்றார்கள் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கணக்கில் சிலர் பின்தங்கியும் விட்டார்கள். என் திட்டத்தில் பிழையா, அல்லது இந்த முறையே நம் பள்ளிகளுக்குப் பொருந்தாதா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

—

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடித்த வேலையைத் திரும்பிப் பார்த்து, இதில் என்ன கற்றார்கள் என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம். மூன்று வாரம் உழைத்து ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது எளிதன்று.

முறை பொருந்தாதது அல்ல. பிழை அந்த மனவரைபடத்தில் தொடங்குகிறது. ‘நீர்’ என்பது ஒரு சொல். அதை நடுவில் வைத்தால் எந்தப் பாடத்தையும் அதனோடு கோடு போட்டு இணைத்துவிடலாம். குடங்களைக் கூட்டும் கணக்கில் குடத்தை எடுத்துவிட்டு மாம்பழத்தை வைத்தாலும் கணக்கு மாறாது. அப்படியானால் அந்தக் கணக்குக்கும் நீருக்கும் உறவே இல்லை. நடுவில் இருக்க வேண்டியது சொல் அல்ல, கேள்வி. அதுவும் ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண முடியாத கேள்வி. அந்தக் கேள்வி எந்தப் பாடங்களைக் கூப்பிடுகிறதோ அவை மட்டும் வரட்டும். இரண்டு பாடங்கள்தான் வருகின்றன என்றால் இரண்டு போதும்.

நானும் இதே பிழையைச் செய்தவன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ‘பனை’ என்று தலைப்பு வைத்து ஐந்து வாரம் எல்லாப் பாடங்களையும் அதிலே கோத்தேன். ஓலைப் பெட்டி முடைந்தோம், நுங்கு வண்டி உருட்டினோம். இறுதியில் பனையின் பயன்களை மூச்சு விடாமல் அடுக்கிய ஒரு மாணவன், 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னபோது, நடுவிலிருந்த பூச்சியத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். கடன் வாங்கிக் கழித்தலை நான் நடத்த வேண்டிய வாரங்கள் பனையில் போயிருந்தன. அவனுடைய அந்த நிற்றலை நான் மறக்கவில்லை. கணக்குக்கென்று ஓர் ஏணி உண்டு. ஒரு படி விட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. ஆகவே ஒருங்கிணைந்த அலகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாளின் எல்லாப் பாடவேளைகளையும் அதற்குக் கொடுக்காதீர்கள். காலையில் கணக்கும் வாசிப்பும் தம் வரிசையிலேயே நடக்கட்டும். பிற்பகலில் இரண்டு பாடவேளைகள் அலகுக்குப் போதும்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு வகுத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைத்தது. நூற்கும் குழந்தை நூலின் நீளத்தை அளந்தே ஆக வேண்டும். அளந்ததைக் குறித்தே ஆக வேண்டும். அங்கே கணக்கு வேலையின் உள்ளேயே இருந்தது. பாட வேளையை நிரப்புவதற்காக எதையும் தக்ளி என்னும் நூற்கும் கதிரோடு வலிந்து கட்டியதால்தான் அந்த முறையும் உயிரிழந்தது என்பது என் கருத்து.

உங்கள் ‘நீர்’ அலகையே எடுத்துக்கொள்வோம். ‘நம் பள்ளிக் கூரையில் விழும் மழை எவ்வளவு?’ என்று கேளுங்கள். இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நடப்பது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் தலைப்பகுதியை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, மேடுபள்ளமான அடிப்பகுதியைத் தண்ணீரால் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். வானிலை ஆய்வு மையங்கள் காலை 8.30 மணிக்கு மழையை அளக்கின்றன. உங்கள் குழந்தைகளும் அதே நேரத்தில் அளக்கட்டும்.

முதல் நாளே ஒரு குழந்தை கேட்கும்: “பெரிய டப்பா வைத்தால் நிறைய மழை விழுமே?” என் வகுப்பில் கேட்டார்கள். விடை சொல்லிவிடாதீர்கள். அன்று நாங்கள் அகலமான சாப்பாட்டு டப்பா ஒன்றையும், ஒடுக்கமான கண்ணாடிக் குவளை ஒன்றையும், மேலே விரிந்து கீழே குறுகிய டம்ளர் ஒன்றையும் முற்றத்தில் வைத்தோம். மறுநாள் காலையில், நேர்ப்பக்கம் கொண்ட இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றது. விரிந்த டம்ளரில் மட்டும் உயரம் கூடுதல். டப்பாவில் தண்ணீர் அதிகம், ஆனால் உயரம் ஒன்று. அளவும் ஆழமும் வேறு என்பதைப் பத்து வயதுக் குழந்தை தன் விரலை விட்டுப் பார்த்து அறிந்த காலை அது. இங்கே அறிவியல் எது, கணக்கு எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

பரப்பளவு முன்பே தெரிந்திருந்தால்தான் அடுத்த படி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். மொட்டைமாடி 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் என்றால் 72 சதுர மீட்டர். 22 மில்லிமீட்டர் பெய்த நாளில் 1,584 லிட்டர். ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று நிறைந்து, இன்னொன்றும் பாதிக்கு மேல் நிறையும். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று அவர்களே எழுந்துபோய்க் குழாயைத் தேடுவார்கள். கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் கட்டாயமாக்கியது ஏன் என்ற சமூக அறிவியல் பாடத்தை நீங்கள் அந்தக் குழாயின் அடியில் நின்று நடத்தலாம். நான்காம் வகுப்பினர் அளவைப் பதிந்து பட்டை வரைபடம் வரையட்டும். பெருக்கல் ஐந்தாம் வகுப்பினருடையது. ஒரே கேள்விக்குள் இரு வகுப்புக்கும் வேலை உண்டு.

தமிழ்ப் பாடம் எங்கே என்று கேட்பீர்கள். மழைப்பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மொழிக்கு இங்கே அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. கரிசல் ஊர்களில் பெரியவர்கள் மழையை ‘ஒரு உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்று மண் நனைந்த ஆழத்தைக் கொண்டு சொல்வார்கள். தாத்தாவிடம் ‘நேற்றுப் பெய்தது எத்தனை உழவு?’ என்று கேட்டு, அதன் அருகில் மழைமானியின் எண்ணை எழுதிவரச் சொல்லுங்கள். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்கிறோம். வானிலைத் துறைக்கோ ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் கனமழை. ஒரே சொல் இரு வாய்களில் இரு பொருள் கொள்வதைக் குழந்தைகள் எவ்வளவு ஆர்வமாகப் பேசுவார்கள் என்பதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் செய்து பார்த்தோம். ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்ற சொலவடையைக் கரும்பலகையில் எழுதி, இது உண்மையா என்று கேட்டேன். பதினெட்டு நாள்கள் மாலையில் தட்டானையும் மறுநாள் காலையில் மழைமானியையும் பார்த்துப் பதிந்தார்கள். தட்டான் பறந்து மழை வந்த நாள்களை மட்டுமே முதலில் எண்ணினார்கள். பறந்தும் வராத நாள், பறக்காமலே வந்த நாள், இரண்டும் இல்லாத நாள் ஆகியவற்றுக்கும் கட்டம் போட வேண்டும் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. தட்டான் தாழப் பறந்த ஒரு நாள் மழை பொய்த்தபோது ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் ‘தப்பாமல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் ‘பெரும்பாலும்’ என்று போட வேண்டும்” என்றாள். அதைச் சொல்லப் பதினெட்டு நாள் போதுமா என்று இன்னொருவன் கேட்டான். அந்த வாதத்தை அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதினார்கள். நான் திருத்திய கட்டுரைகளில், எழுதச் சொன்னதற்காக எழுதப்படாதவை அவைதான்.

ஆங்கிலத்தை இந்த அலகில் நான் சேர்க்கவில்லை. சொற்பட்டியல் ஒன்றைச் சேர்த்திருக்கலாம். ஆனால் கேள்வி அதைக் கேட்கவில்லை. ஓவியமும் அப்படியே. மழைமானியின் படத்தை உறுப்புகளோடு துல்லியமாக வரைவது தேவைப்பட்டது. நீல நிறத் துளிகள் தேவைப்படவில்லை.

பாடக்குறிப்பு எழுதும்போது பின்னிருந்து முன்னே எழுதுங்கள். கேள்வியை மேலே எழுதி, விடை காண ஒரு குழந்தை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதி, ஒவ்வொரு செயலின் பக்கத்திலும் அது எந்தப் பாடத்தின் எந்தக் கற்றல் விளைவுக்கு உரியது என்று குறியுங்கள். பக்கத்தில் எதுவும் எழுத முடியாத செயலை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள். மதிப்பீட்டில் குழுவின் விளக்கப்படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். கெட்டிக்காரர் இருவர் செய்ததற்குப் பின்னால் மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். மழை அளவைக் கொடுத்து லிட்டரைத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். வேறு ஒரு பழமொழியைக் கொடுத்து அதை எப்படிச் சோதிப்பாய் என்று எழுதச் சொல்லுங்கள். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டின் பதிவேட்டில் இவற்றைப் பாடவாரியாகவே பதியலாம்.

மழைமானியை மரத்தடியிலோ கூரை விளிம்பின் கீழோ வைக்க வேண்டாம். சனி, ஞாயிறுகளில் அளக்கப் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் குழந்தை ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். யாரும் வர இயலாமல் போனால், வெள்ளி காலைக்குப் பின் பெய்ததெல்லாம் திங்கட்கிழமை பாட்டிலில் சேர்ந்திருக்கும். அதை மூன்றாகப் பங்கிட்டு மூன்று கட்டங்களில் எழுதக் குழந்தைகள் முனைவார்கள். விடாதீர்கள். ‘மூன்று நாள் மழை, சேர்த்து அளந்தது’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்