டாலியா கிழங்கு நட்டேன், முளைக்கவே இல்லை. ஏன்?

கிழங்கு குண்டாக இருந்தால் போதாது, கண், அதாவது முளை கிளம்பும் இடம், இருக்க வேண்டும். உருளைக்கிழங்கில் கண்கள் எங்கும் இருக்கும். டாலியாவிலோ பழைய தண்டை ஒட்டிய கழுத்துப் பகுதியில் மட்டும்தான், சின்னப் புடைப்பாகத் தெரியும். கழுத்து ஒடிந்த கிழங்கு எத்தனை மாதம் மண்ணில் கிடந்தாலும் தளிர் விடாது. அதனால் பிரிக்கும்போது தண்டின் துண்டையும் சேர்த்தே வெட்டுங்கள்.

அப்புறம் தண்ணீர். 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து, முளை தெரியும்வரை லேசான ஈரமே போதும். ஊற்றிக்கொண்டே இருந்தால் அழுகிவிடும்.

விதையிலும் வளர்க்கலாம், ஆனால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. தோட்ட டாலியாவுக்கு எட்டுத் தொகுதி குரோமோசோம்கள் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்). ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. மெக்சிகோவின் இந்தச் செடியில் ஆயிரக்கணக்கான ரகங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிடித்த நிறமே வேண்டுமென்றால் கிழங்கு அல்லது தண்டுத் துண்டுதான் வழி.