‘தி சர்ச்சர்ஸ்’ அதன் புகழுக்குத் தகுதியான படமா? – கேள்வி பதில்

ஜான் ஃபோர்டு இயக்கி 1956இல் வெளிவந்த ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் இருந்த ஈதன் எட்வர்ட்ஸ் (ஜான் வெய்ன்), போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1868இல், டெக்சஸில் வாழும் தன் உடன்பிறந்தான் ஆரனின் வீட்டுக்கு வருகிறான். அவன் வெளியே சென்றிருக்கும் நேரத்தில் கொமாஞ்சிகள் என்ற அமெரிக்கப் பழங்குடியினர் வீட்டைத் தாக்கி, ஆரனையும் அவன் மனைவி மார்த்தாவையும் மகனையும் கொன்று, மகள்கள் இருவரையும் கொண்டுபோய்விடுகிறார்கள். மூத்தவள் வழியிலேயே கொல்லப்படுகிறாள். இளையவள் டெபியைத் தேடி ஈதனும் அந்த வீட்டில் வளர்ந்த மார்ட்டினும் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். கொமாஞ்சிகளோடு வாழ்ந்துவிட்ட பெண்ணை உயிரோடு விடக்கூடாது என்று ஈதன் எண்ணுவது போகப் போகத் தெரியவருகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, உலகின் தலைசிறந்த படங்களின் பட்டியலில் இதன் பெயரைப் பார்த்து ஆவலோடு உட்கார்ந்தேன். மிகையான நடிப்பு, கல்யாண வீட்டு அடிதடி, சிரிப்பு வராத நகைச்சுவை ஆகியவற்றைத்தான் கண்டேன். இவ்வளவு புகழுக்கு இது தகுதியானதா?

பதில்: தகுதியானது என்பதே என் முடிவு. ஆனால் நீங்கள் சொன்ன குறைகள் எல்லாமே உண்மை. கென் கர்டிஸ் ஏற்ற சார்லி பாத்திரமும் அந்தச் சண்டைக்காட்சியும் இல்லாதிருந்தால் படம் ஒன்றும் இழந்திருக்காது. புகழுக்குரிய பகுதி வேறு இடத்தில், பெரும்பாலும் யாரும் பேசாத நேரங்களில் இருக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். தொடக்கத்தில், களவுபோன மாடுகளைத் தேடி டெக்சஸின் காவல்படையான ரேஞ்சர் படையினர் புறப்படும் காலை வேளையில், அவர்களின் தலைவரும் பாதிரியாருமான கிளேட்டன் கூடத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளறையில் மார்த்தா, ஈதனின் மேலங்கியை எடுத்து, அதைத் தன் கையால் மெல்லத் தடவுவது கதவின் வழியே அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. உடனே அவர் பார்வையைத் திருப்பி எதிரே வெறித்தபடி நிற்கிறார். மார்த்தா அங்கியைக் கொண்டுவந்து கொடுக்க, ஈதன் அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போகும்வரை அவர் தலையைத் திருப்புவதே இல்லை. ஈதனுக்கும் மார்த்தாவுக்கும் இடையே இருந்ததை இருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது, அதை ஊரில் ஒருவராவது அறிவார் என்பது, அறிந்தவர் அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காக்கிறார் என்பது ஆகிய மூன்றையும் ஒரு வசனமும் இன்றிச் சொல்லிவிடுகிறார் ஃபோர்டு. அதன்பின் ஈதன் வெறிகொண்டு அலைவதற்கான முழுக் காரணமும் இந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. இதைத் தவறவிட்டவருக்குப் படம் வெறும் துரத்தல் கதையாகத்தான் தெரியும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): வெளிவந்தபோதே இப்படிக் கொண்டாடப்பட்டதா?

பதில்: இல்லை. நன்றாக ஓடியது, ஆனால் ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. நான்கு முறை சிறந்த இயக்குநர் விருது வாங்கிய ஃபோர்டுக்கு, அமெரிக்க மேற்குப் பகுதியின் கதைகளைச் சொல்லும் வெஸ்டர்ன் படம் ஒன்றுக்காகவும் அவ்விருது தரப்பட்டதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அந்த வகைப் படங்களைக் கலையாகப் பெரும்பாலோர் எண்ணவில்லை. சிறுவயதில் இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை 1970களில் தாங்களே படமெடுக்க வந்தபோதுதான் நிலைமை மாறியது. மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கி பால் ஷ்ரேடர் எழுதிய ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில், மீட்கப்பட விரும்பாத பெண்ணை மீட்கக் கிளம்பும் மனிதனின் கதை இதிலிருந்து வந்தது. ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் எரிந்துகிடக்கும் வீட்டுக்குத் திரும்பும் காட்சியும் இங்கிருந்து எடுத்ததே. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் 1992இல் 5ஆம் இடம், 2012இல் 7ஆம் இடம், 2022இல் 15ஆம் இடம். அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 1998இல் 96ஆம் இடத்தில் வைத்த அதே படத்தை 2007இல் 12ஆம் இடத்துக்கு உயர்த்தியது. படம் மாறவில்லை, அதைப் பார்த்தவர்களே மாறினார்கள் என்பதால், இந்த எண்களை நான் அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி (சமூகவியல் ஆய்வு மாணவர்): இது இனவெறியைப் பற்றிய படமா, இனவெறி கொண்ட படமா?

பதில்: இரண்டும்தான். இப்படிச் சொல்வதைச் சிலர் நழுவல் என்று நினைக்கக்கூடும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் படத்தின் துணிவைச் சொல்ல வேண்டும். அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய நட்சத்திரத்தை, கதையின் நாயகனாகவே வைத்துக்கொண்டு, அவன் நெஞ்சில் உள்ள வெறுப்பை மூடாமல் காட்டுகிறது இந்தப் படம். கல் மூடிய குழியில் கிடக்கும் ஒரு கொமாஞ்சியின் பிணத்தைக் கண்டதும் ஈதன் துப்பாக்கியை எடுத்து அதன் இரண்டு கண்களையும் சுடுகிறான். கண் இல்லாதவன் ஆவிகளின் உலகுக்குள் நுழைய முடியாமல் காற்றுகளுக்கிடையே என்றென்றும் அலைய வேண்டும் என்பது கொமாஞ்சிகளின் நம்பிக்கை என்று அவனே விளக்குகிறான். அறியாமையால் வெறுப்பவன் அல்ல அவன். அவர்கள் மொழியையும் வழக்கத்தையும் அங்குள்ள எவரையும்விட நன்றாகக் கற்று, அந்த அறிவைக் கொண்டே இறந்தவனையும் வதைக்கிறான். வெறுப்பைப் பற்றி இவ்வளவு கூர்மையான காட்சியை அக்காலத்து ஹாலிவுட்டில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெறுப்பு அவன் ஒருவனோடு நிற்கவும் இல்லை. மார்ட்டினை விரும்பும் லாரி, படத்தின் மிக அன்பான பெண், வெண்ணிறத் திருமண உடையில் நின்றபடி, டெபியின் தலையில் ஈதன் குண்டைச் செலுத்துவதையே அவளைப் பெற்ற மார்த்தாவும் விரும்பியிருப்பாள் என்கிறாள். ஈதனைத் தனியொரு பித்தனாகக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் வழியை அந்த வசனம் அடைத்துவிடுகிறது.

இனி மறுபக்கம். டெபியைக் கொண்டுபோன கொமாஞ்சித் தலைவன் ஸ்காராக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்த வெள்ளையர். தன் இரண்டு மகன்களை வெள்ளையர் கொன்றதாக அவன் ஓரிடத்தில் சொல்கிறான். அப்போது மட்டும் அவன் ஈதனுக்கு நிகரான மனிதனாகத் தோன்றுகிறான். அதன்பின் படம் அவன் பக்கம் திரும்புவதில்லை. ஈதனுக்கு ஒரு வீடும் ஒரு காதலும் ஒரு பிணக்குழியும் இருப்பதை நமக்குக் காட்டிய கேமரா, ஸ்காரின் கூடாரத்துக்குள் நுழைந்தபோதும் அவன் குடும்பத்தை அப்படிக் காட்டவில்லை. வெள்ளையனின் நோயை ஃபோர்டு சரியாகக் கண்டறிந்தார். அந்த நோய்க்குப் பலியானவர்களை முகமுள்ள மனிதர்களாக அவரால் பார்க்க முடியவில்லை.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): மார்ட்டின் தெரியாமல் ‘மணந்துகொள்ளும்’ அந்தப் பழங்குடிப் பெண்ணை அவன் காலால் உதைத்து மேட்டிலிருந்து உருட்டிவிடுகிறான். ஈதன் சிரிக்கிறான். என்னால் தாங்க முடியவில்லை. இதை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்?

பதில்: நியாயப்படுத்தவில்லை, அம்மா. அது இழிவான காட்சி. பியூலா ஆர்ச்சுலெட்டா ஏற்ற அந்தப் பாத்திரத்தைப் பார்வையாளர் சிரிப்பதற்காகவே எழுதியிருக்கிறார்கள். பின்னர், குதிரைப்படை தாக்கி அழித்த பனி மூடிய கிராமத்தில் அவளைப் பிணமாகக் கண்டு, இவளை ஏன் கொன்றார்கள், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவளாயிற்றே என்று மார்ட்டின் கலங்குகிறான். முன்பு சிரித்ததற்கு நம்மை வெட்கப்பட வைக்கவே ஃபோர்டு அப்படிச் செய்தார் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. இரண்டாவது காட்சி மனத்தைத் தைக்கிறது, ஆனால் முதல் காட்சியை அது கழுவிவிடாது.

கேள்வி (நூலகர்): இது உண்மைச் சம்பவமா?

பதில்: ஆலன் லெமே 1954இல் வெளியிட்ட புதினமே படத்துக்கு மூலம். அதன் பின்னணியில் டெக்சஸில் நடந்த சில கடத்தல்கள் உள்ளன. அவற்றுள் பெரிதாகப் பேசப்படுவது சிந்தியா ஆன் பார்க்கரின் வாழ்க்கை. 1836இல் பார்க்கர் கோட்டைத் தாக்குதலில் ஏறத்தாழ ஒன்பது வயதில் பிடிபட்ட அவர், கொமாஞ்சிகளிடையே 24 ஆண்டுகள் வாழ்ந்து, பீட்டா நொக்கோனா என்ற தலைவரை மணந்து பிள்ளைகள் பெற்றார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தவரான ஜேம்ஸ் பார்க்கர் காணாமற்போனவர்களைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் டெக்சஸ் ரேஞ்சர்கள் சிந்தியாவைப் பிடித்து உறவினரிடம் சேர்த்தார்கள். மீட்பு என்று அவர்கள் சொன்னது அவருக்கு இரண்டாவது கடத்தலாகவே அமைந்தது. கொமாஞ்சிகளிடம் திரும்ப முயன்றார், முடியவில்லை, ஏக்கத்திலேயே இறந்தார். அவருடைய மகன் குவானா பார்க்கர் கொமாஞ்சிகளின் புகழ்பெற்ற தலைவரானார்.

படத்தின் மிகப் பெரிய தவறாக நான் கருதுவது இந்த இடத்தைத்தான். இராணுவ முகாமில் காட்டப்படும் மீட்கப்பட்ட வெள்ளைப் பெண்கள் எல்லாருமே சித்தம் கலங்கியவர்களாக இருக்கிறார்கள். கொமாஞ்சி வாழ்க்கையை மனமொப்பி ஏற்றுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்ற உண்மை டெபியின் வாயில் ஓரிரு சொற்களாக வந்து மறைகிறது. இவர்கள் என் மக்கள் என்று மார்ட்டினிடம் சொல்லித் திரும்பிப் போகச் சொன்னவள், அடுத்தமுறை அவனோடு உடனே கிளம்ப இசைகிறாள். அந்த மாற்றத்துக்குத் திரைக்கதையில் காரணமே இல்லை.

கேள்வி (ஒளிப்பதிவு பயிலும் மாணவர்): டெக்சஸ் உண்மையில் அப்படித்தான் இருக்குமா?

பதில்: இருக்காது. நீங்கள் பார்ப்பது யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கு, நவாஹோ என்ற வேறொரு பழங்குடி மக்களின் நிலம். கொமாஞ்சிகளாக நடித்த துணைநடிகர்களில் பலரும் நவாஹோக்களே. கொமாஞ்சிகள் வாழ்ந்தது பரந்த புல்வெளிச் சமவெளியில். இந்தப் பொய்யை நான் குறையாகக் கருதவில்லை. விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் ஒளிப்பதிவாளர் வின்டன் ஹோக் எடுத்த அந்தச் செம்பாறைகளுக்கு அடியில் ஒரு வீடு இருப்பதைப் பார்த்ததும், இங்கே எதை நம்பிக் குடியேறினார்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது. தாக்குதலுக்கு முந்தைய அந்திப்பொழுதை ஒளிப்பதிவு மாணவர் ஒவ்வொருவரும் கட்டாயம் பார்க்க வேண்டும். சிவந்த வெளிச்சம், விளக்கு ஏற்றாதே என்ற தாயின் குரல், பாட்டியின் கல்லறைக் கல்லருகே ஒளிந்த சிறுமி டெபியின் மேல் விழும் நிழல், அவ்வளவோடு காட்சி முடிகிறது. கொலை எதையும் நாம் காண்பதில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்): கொல்ல வந்தவன் கடைசியில் டெபியைத் தூக்கி, வீட்டுக்குப் போகலாம் என்கிறானே. ஏன் மனம் மாறினான்?

பதில்: மூலப் புதினத்தில் இந்த முடிவே இல்லை. அங்கே ஆமோஸ் என்ற பெயர் கொண்ட இந்த மனிதன், டெபி என்று எண்ணி ஒரு கொமாஞ்சிப் பெண்ணை நெருங்கும்போது அவள் கையாலேயே இறக்கிறான். ஃபிராங்க் நியூஜென்ட் எழுதிய திரைக்கதையிலோ ஒரு விளக்கம் இருந்தது: துப்பாக்கியை நீட்டிய ஈதன், டெபியின் முகத்தில் மார்த்தாவின் சாயலைக் கண்டு கையைத் தாழ்த்துவதாக எழுதப்பட்டிருந்தது. ஃபோர்டு அதை நீக்கிவிட்டு, ஓர் உடலசைவை மட்டும் வைத்தார். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் குழந்தை டெபியை எப்படித் தலைக்குமேல் தூக்கினானோ அப்படியே இப்போதும் தூக்குகிறான். அன்று தூக்கிய விதத்தைக் கை நினைவில் வைத்திருக்கிறது. மனத்தைக் கேட்காமல் கையே முடிவெடுத்துவிடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். சற்று முன்புதான் இறந்துகிடந்த ஸ்காரின் தலைத்தோலை அவன் அறுத்திருக்கிறான் என்பதால், திருந்திவிட்டான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கொல்லவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (இளைஞர் ஒருவர்): டெபி உண்மையில் ஈதனின் மகள்தான் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில்: படத்தில் ஆதாரம் இல்லை. அப்படி எடுத்துக்கொண்டால், சொல்லப்படாத ஒரு காதல் வழக்கமான இரகசியமாகச் சுருங்கிவிடும்.

கேள்வி (நாடக நடிகர்): ஜான் வெய்னுக்கு நடிக்கத் தெரியுமா?

பதில்: இந்தப் படத்தில் தெரிகிறது. இராணுவ முகாமில் அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு வெளியேறும்போது அவர் திரும்பிப் பார்க்க, கேமரா அவர் முகத்தை நோக்கி நகர்கிறது. தொப்பியின் நிழலில் பாதி மறைந்த முகத்தில் வெறுப்பும் துயரமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஃபோர்டு தம் படங்களில் கேமராவை அப்படி நகர்த்துவது மிக அரிது. அந்த முகத்தின்மீது அவருக்கு இருந்த நம்பிக்கையை அதிலிருந்தே அறியலாம். தம் மகன் ஒருவருக்கு வெய்ன் ஈதன் என்றே பெயரிட்டார்.

கேள்வி (முதலில் கேட்ட மாணவியின் தோழி): இதோடு சேர்த்து ஃபோர்டின் வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

பதில்: இதற்கு முன்பாக 1948இல் வந்த ‘ஃபோர்ட் அப்பாச்சி’ படத்தைப் பாருங்கள். தன் இறுமாப்பால் படையையே அழிவுக்குள் இட்டுச்செல்லும் அதிகாரியாக ஹென்றி ஃபோண்டா நடித்த அந்தப் படத்தில், அப்பாச்சிப் பழங்குடியினரின் தரப்பில் நியாயம் இருப்பதை ஃபோர்டு தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். பின்பாக 1964இல் வந்த ‘செயென் ஆட்டம்’ (Cheyenne Autumn). தாய்நிலத்துக்கு நடந்தே திரும்பும் செயென் பழங்குடி மக்களின் துயரத்தை அவர் நேரடியாகச் சொல்ல முயன்ற படம் அது. நோக்கத்தில் மூன்றிலும் நேர்மையானது அதுவே. ஆயினும் அங்கேயும் முக்கியமான செயென் வேடங்களுக்கு ரிக்கார்டோ மொன்டல்பான், டொலோரஸ் டெல் ரியோ போன்ற மெக்சிக்கோ நடிகர்களையே அழைத்தார். கலையாக எடைபோட்டால் அது ‘தி சர்ச்சர்ஸ்’ பக்கத்தில் நிற்காது. மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, நீங்களும் உங்கள் தோழியும் எந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். என் கருத்துக்கு மாறாக இருந்தால் இன்னும் மகிழ்வேன்.